மேல் வீட்டுக் கம்பிகள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பில்லர் கம்பிகள் இன்னும் வெட்டாமல் நிற்கின்றன. பிறகு ஒரு மாடி எடுக்க நினைப்பவர்கள் கம்பியை நீட்டி விடுவது வழக்கம். மண்ணூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் பாதி வீடுகள் அப்படித்தான் தலையில் கம்பியோடு நிற்கும். மற்ற வீடுகளில் அது துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிரும். எங்கள் வீட்டில் உதிராது. ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போகிற என் அக்கா, சாமி கும்பிட்டுவிட்டு அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். சிமெண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, பழைய பிரஷால் ஒவ்வொரு கம்பிக்கும் உச்சியிலிருந்து அடிவரை பூசுவாள். துரு ஏறாமல் இருக்க அதுதான் வழி. பூசிவிட்டுச் சாப்பிட்டு, சாயங்கால பஸ்ஸில் வாலாஜாபாத் திரும்பிவிடுவாள்.

தெருவில் இதைக் கேலி செய்வார்கள். “அக்கா அவங்க வூட்டுக்கு பெயிண்ட் அடிக்க வந்துட்டாங்கப்பா” என்பார்கள். அக்கா மேலே நின்றபடியே, “ஆமா, உன் வூட்டுக்கும் அடிக்கணுமா? டீ வாங்கிக் குடு, அடிக்கறேன்” என்பாள்.

அவள் வீடு என்று சொல்வது கேலிக்காக மட்டும் அல்ல. மேல் வீடு அவளுடையதுதான். என்ன, இன்னும் கட்டவில்லை.

கீழ் வீட்டைத் தொண்ணூற்றொன்றில் கட்டினோம். அந்த வருஷம் வைகாசியில் எங்கள் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது நாட்டுக்கே தெரியும், நான் எழுத வேண்டியதில்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள், முகம் தெரியாத ஆள் பையோடு தெருவில் நடந்தால் எல்லா ஜன்னலும் திறந்தன. யார் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், எந்த ஊர், என்ன வேலை என்று வீடு வீடாக விசாரணை நடந்தது. வெளியூர்க் கட்டட ஆட்கள் இந்தப் பக்கம் வரவே பயந்தார்கள். எங்கள் வீடு ஜன்னல் உயரத்தில் நின்றுபோனது. அப்போது கை கொடுத்தது அக்காவும் மாமாவும்தான். மாமா கொத்தனார், கம்பியும் கட்டுவார். அக்கா சித்தாள். வாலாஜாபாத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி, சுவரை ஏற்றி, மேல்தளம் வரைக்கும் கொண்டுவந்தார்கள். கூலி என்ற பேச்சே இல்லை.

கான்கிரீட் போடும் அன்று வேலை செய்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது வழக்கம். எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தபோது அப்பா நின்றுகொண்டு சொன்னார்: “கீழ் வூடு இவனுக்கு. மேல் வூடு பொண்ணுக்கு. அவங்க கை வச்சி எழுப்பினது.”

மாமா வாயில் சோற்றோடு சிரித்தார். “அப்ப கம்பிய நல்லா தாராளமாவே நீட்டி வுட்டுடறேன்.”

நீட்டி விட்டார். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மறுவாரம் இரண்டு போலீஸ்காரர்கள் மாடி ஏறிப் பார்த்துவிட்டு, இது என்ன கம்பி, வயர்லெஸ் ஏரியலா என்று கேட்டார்கள். அப்பா விளக்கிச் சொன்ன பிறகும் ஒருவர் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். அன்றிலிருந்து மொட்டை மாடிக்கு வெளி ஆள் ஏறினால் நானும் பின்னாலேயே ஏறிவிடுவேன்.

பட்டா என் பெயருக்கு வந்தது. மேல் வீடு அப்பாவின் பேச்சில் மட்டும் இருந்தது. அப்பா போனார். சில வருஷம் கழித்துக் காய்ச்சலில் மாமாவும் போனார். அக்கா வாலாஜாபாத்தில் ஒற்றை அறை வாடகை வீடுகளில் மாறி மாறிக் குடியிருந்தாள். சித்தாள் வேலையை விடவில்லை. மேல் வீடு கட்ட அவளுக்கும் வழியில்லை, எனக்கும் வழியில்லை. கம்பிக்குப் பால் பூசுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குப் பேச்சு வராது. திக்குவாய் இல்லை. யாராவது எதிரில் நின்று ஒன்று கேட்டால், பதில் தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிடும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அது ஒரு காரணம். வீட்டின் முன்பக்கத்தில் மாவு மில் வைத்திருந்தேன். மெஷின் ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது. அதனாலேயே அந்தத் தொழில் எனக்குப் பிடித்திருந்தது. கோதுமை, கேழ்வரகு, மிளகாய், மல்லி என்று வருவதை அரைத்துக் கொடுப்பேன். கோதுமையை வாங்கிக் கழுவி, மாடியில் காயவைத்து, மாவாக்கிப் பொட்டலம் போட்டு விற்பது என் மனைவி. பேச்சு எல்லாம் அவள் பங்கு.

செல்போன் எங்கள் பக்கம் வந்த புதிது. கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. கூடவே நிலம் அளப்பவர்களும் வந்தார்கள். ஜீப்பிலிருந்து யார் இறங்கினாலும் இந்தத் தடவை யார் நிலமோ என்று ஊர் முழித்துக்கொண்டிருந்த சமயம். ஒரு மதியம் மில்லுக்கு ஒருவர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். சட்டையை இன் பண்ணி ஷூ போட்டிருந்தார். கையில் கோதுமைப் பொட்டலம்.

பொட்டலத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எதிர்க்கடைக்காரர் போடும் சணல் முடிச்சு அவிழ்க்காமல் அப்படியே இருந்தது. கல் பொறுக்கவில்லை, கழுவவில்லை. வீட்டிலிருந்து வருகிற கோதுமை அப்படி வராது. எதிர்க்கடையில் வாங்கி, ரோட்டைத் தாண்டி, நேராக என்னிடம் கொண்டுவந்திருக்கிறார். மாவு வேண்டுமென்றால் அந்தக் கடையிலேயே மாவு இருக்கிறதே?

“அண்ணே, மேல மொட்டை மாடி உங்களோடதுதானே?”

மெஷினை நிறுத்தினேன். 

“ஒரு அஞ்சு நிமிஷம் பாத்துட்டு வந்துடட்டுமா?”

நான் ஒன்றும் சொல்லாததைச் சரி என்று எடுத்துக்கொண்டு படியேறிவிட்டார். மாவுக் கையோடு பின்னால் ஓடினேன். மேலே போனவர் சட்டைப் பையிலிருந்து திசை காட்டும் கருவி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கைப்பிடிச் சுவரின் ஒவ்வொரு மூலைக்கும் போய் நின்று வெளியே போட்டோ எடுத்தார். என் வீட்டை அவர் பார்க்கவே இல்லை. என் வீட்டின் மேல் நின்று ஊரைப் பார்த்தார். அந்தப் பழைய போலீஸ்காரர்கள் எனக்கு ஞாபகம் வந்தார்கள்.

முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே சொன்னார். “பயப்படாதீங்கண்ணே. செல்போன் டவர். உங்க மாடிதான் எங்களுக்கு சரியா இருக்கு. மாசாமாசம் வாடகை வந்துடும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா உக்காந்திருந்தா போதும்.”

சும்மா உட்கார்ந்திருந்தால் பணம் வரும் என்று சொன்னவர்களை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அவர்கள் சீட்டுக் கம்பெனி நடத்தினார்கள். இப்போது அவர்கள் ஊரில் இல்லை.

வாடகை என்று ஒரு தொகை சொன்னார். நான் பேசாமல் நின்றேன். என் முகத்தையே பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “சரிண்ணே, ஆபீஸ்ல பேசி இன்னும் கொஞ்சம் கூட்டித் தரேன். ஆனா ஒண்ணு, இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்லாதீங்க. நாலு பேர் வந்து கலாட்டா பண்ணுவாங்க.”

கோதுமையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

என் மனைவி கடைசிப் படியிலேயே காத்திருந்தாள். “இன்னாயா, யாரு அந்த ஷூ போட்ட ஆளு? மாடிக்கி இன்னாத்துக்கு இட்டுகினு போன?”

சொன்னேன். தொகையையும் சொன்னேன். அவள் கோதுமை மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“பட்டா உம் பேர்லதான கீது?”

“ஆமா.”

“அப்பறம் இன்னா யோசனை?”

“மேல அக்கா வூடு.”

“எங்க கீது வூடு? காட்டு, நானும் பாக்கறேன்.”

என் மனைவி கெட்டவள் அல்ல. அக்கா வருகிற அன்று வாழைப்பூ தேடி ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போகிறவள். அக்காவுக்கு வாழைப்பூ வடை பிடிக்கும். ஆனால் நாத்தனாரிடம் ஒரு சின்ன பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. “அண்ணிக்கு ஒரு பங்கு குடுத்துடலாம், நா வேணான்னா சொல்றேன்? ஆனா முன்னாடியே சொல்லிட்டன்னு வையி, நாளைக்கி கீழயும் என்துதான்னு வந்து நிக்கும். கையெழுத்து போட்டுட்டு அப்பறமா சொல்லிக்கலாம்.”

“அப்பறமா சொன்னா கோவிச்சிக்காதா?”

“கோவிச்சிகினா வட சுட்டுக் குடுக்கறேன்.”

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

டவர்க்காரர் திரும்ப வந்தார். தொகை ஏறியிருந்தது. நான் பேசவில்லை. அங்கேயே நின்று இன்னும் ஏற்றினார். அப்போதும் பேசவில்லை. அவர் நினைத்தது என்னவென்று எனக்கு அந்தச் சமயம் புரியவில்லை. நான் அழுத்தமாகப் பேரம் பேசுகிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் நினைத்தது வேறு. கேட்காமலே ஒருவன் தொகையை ஏற்றிக்கொண்டே போனால், அதில் ஏதோ வில்லங்கம் இருக்க வேண்டும். அவர் ஏற்ற ஏற்ற எனக்குப் பயம் கூடியது. பயம் கூடக் கூட வாய் இன்னும் இறுகியது. வாய் இறுக இறுக அவர் ஏற்றினார்.

“அண்ணே, நீங்க பெரிய ஆளுண்ணே” என்றார் போகும்போது. “இந்த ரோட்ல எத்தனையோ பேர்கிட்ட பேசிட்டேன். உங்கள மாதிரி ஒருத்தர பாக்கல.”

எதிர்க்கடை அண்ணாச்சி இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். தெற்கிலிருந்து வந்து எங்கள் ஊரில் மளிகைக் கடை வைத்து, மாடி வீடும் கட்டியவர். நல்ல மனிதர்தான். ஆனால் தெருவில் ஒரு விஷயம் தன் கடை வழியாகப் போகாமல் நடந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒருநாள் கால் கிலோ மல்லியைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார்.

“கால் கிலோவ மெஷினே தின்னுடும் அண்ணாச்சி” என்றேன்.

“தின்னுட்டுப் போவுது. நீரு சொல்லும் ஓய், எவ்வளவு பேசியிருக்கான்?”

நான் மல்லியைக் கொட்டி மெஷினைப் போட்டேன். சத்தத்தை மீறிக் காதருகில் வந்து கத்தினார்: “எங்கிட்டயும் வந்தாம்லா! ஒருத்தர்ட்டயும் மூச்சு விடாதீயன்னு சொன்னான்! ஒம்மட்டயும் அப்டித்தான் சொன்னானா?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவர் வாயைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். நான் பெரிய தொகையை மறைக்கிறேன் என்று அவர் நினைத்தார்.

“பேசமாட்டீரு. அப்ப பெருசாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, மல்லித்தூளை வாங்காமலே போனார்.

அடுத்த தடவை டவர்க்காரர் ஒரு இன்ஜினியரோடு வந்தார். இன்ஜினியர் பில்லர் தலைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பிறகு சிவப்பு பெயிண்ட் எடுத்து, மூலைப் பில்லர்களில் கம்பி கிளம்புகிற இடத்தைச் சுற்றி வட்டம் போட்டார்.

“இது எதுக்கு சார்?” நானே கேட்டேன். அவர்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரலை அப்போதுதான் சரியாகக் கேட்கிறார்கள்.

“இந்தக் கம்பியெல்லாம் கட் பண்ணிடுவோம்ணே” என்றார் டவர்க்காரர். “டவர் கால் இது மேலதான் உக்காரணும். அரை நாள் வேலை.”

“அப்ப மேல வூடு எடுக்கணும்னா?”

“அது முடியாதுண்ணே. அதுக்குத்தானே மாசாமாசம் குடுக்கறோம்.”

“டவர் எவ்ளோ நாளைக்கி இருக்கும்?”

நல்ல சேதி சொல்கிறவர் போலத் தோளில் தட்டினார். “நீங்க இருக்கற வரைக்கும் இருக்கும்ணே. கவலையே படாதீங்க.”

வெள்ளிக்கிழமை அக்ரிமெண்ட் எழுதலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகும் நான் மாடியிலேயே நின்றேன். சிவப்பு வட்டங்களைப் பார்த்தால், மரம் வெட்ட அடையாளம் போட்டது போல இருந்தது. வாலாஜாபாத் போய் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பேன். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் மில்லுக்கு ஆள் வந்துவிடும்.

வியாழக்கிழமை அக்காவே வந்துவிட்டாள்.

ஆடி வர இன்னும் மாதங்கள் இருந்தன. கையில் வழக்கமான பை, அதில் பிரஷ். மில் பக்கம் திரும்பாமல் நேராகப் படியேறினாள். என் மனைவி சொம்பில் தண்ணீரோடு பின்னால் ஓடினாள்.

“அண்ணி, தண்ணி குடிச்சிட்டு...”

“வையி.”

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பது பிறகு தெரியவந்தது. அவள் அரிசி வாங்குகிற வாலாஜாபாத் கடைக்காரர், நம் அண்ணாச்சிக்குச் சொந்தம். ‘ஒங்க தம்பி மாடியை டவர்க்காரனுக்கு எழுதிக் குடுத்தாச்சாமே’ என்று விசாரித்திருக்கிறார்.

அக்கா ஒரு சிவப்பு வட்டத்தை விரலால் தொட்டாள். விரலைப் பார்த்தாள். பெயிண்ட் ஒட்டவில்லை.

“இது எப்ப போட்டது?”

“போன வாரம்.”

“போன வாரமே போட்டாச்சி.”

“நா இன்னும் கையெழுத்து போடலக்கா.”

“நா அத கேட்டனா?”

என் மனைவி இடையில் வந்தாள். “அண்ணி, சத்தியமா உங்களுக்கும் ஒரு பங்கு குடுக்கணும்னுதான்...”

“எதுலம்மா பங்கு? எம் வூட்ல எனக்கே பங்கா?”

 அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

“டே தம்பி, நீ பேச மாட்டன்னு எனக்கு தெரியும். சின்னப் புள்ளையில உனக்கு பசிக்குதுன்னுகூட நாந்தான் அம்மாகிட்ட சொல்லுவேன். ஆனா நீ பேசாத இருக்கறதுல, எது பயம், எது திருட்டுத்தனம்னு எனக்கு எப்பிட்றா தெரியும்?”

 இந்த இடத்திலும் பதில் வரவில்லையே என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது. நான் நிற்கிற நிலையைப் பார்த்தால் யாரும் திருடன் என்றுதான் சொல்வார்கள்.

அன்று அவள் கீழே வந்து படுக்கவில்லை. மேலேயே பாய் போடச் சொன்னாள். கம்பிகளுக்குக் காவல் இருப்பது போல இருந்தது. என் மனைவி சுட்டுக்கொடுத்த வடையை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். சாப்பிட்டாளா என்று தெரியாது.

காலையில் டவர்க்காரர் கட்டுக் காகிதங்களோடும் ஸ்வீட் பாக்ஸோடும் வந்தார். மில்லில் எனக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அக்கா படியிறங்கி வந்து கதவுப் பக்கம் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். என் மனைவி உள் வாசலில் நின்றாள். அவளும் என் கையைத்தான் பார்த்தாள்.

ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினேன். பெல்ட் பட்டை சுற்றிச் சுற்றி நின்றது.

டவர்க்காரர் பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. வாய் திறக்கப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். “சரிண்ணே, சரி. கடைசியா ஒண்ணு சொல்றேன், இதுக்கு மேல என்னால முடியாது” என்று இன்னொரு தொகை சொன்னார். உள் வாசலில் என் மனைவி நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் என் குரல் வந்தது. “சார், மேல் வூடு அக்காவோடது. அவங்ககிட்ட பேசுங்க.”

“மேல வூடே இல்லையேண்ணே!”

“இல்ல சார். ஆனா அவங்களோடது.”

“பட்டா உங்க பேர்லதானே இருக்கு? நகல் எங்கிட்டயே இருக்கே.”

“பட்டா எம் பேர்லதான் கீது. மேல் வூடு அவங்களுக்குன்னு அப்பா சொல்லிட்டாரு.”

நான் மூன்று தடவை தொடர்ந்து பேசியதில் என் மனைவியே ஆச்சரியப்பட்டிருப்பாள். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து டவர்க்காரருக்கு எதிரே மாவு டின் மேல் உட்கார்ந்தாள்.

“சொல்லு தம்பி. எம் வூட்டுக்கு வாடகைக்கி வரணும்ங்கற. தாராளமா வா. எனக்கு சொன்னதையே உனக்கும் சொல்றேன். செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. எதையும் இடிக்கக் கூடாது, வெட்டக் கூடாது. நா காலி பண்ணுன்னா ஒரே மாசத்துல காலி பண்ணணும்.”

வாலாஜாபாத்தில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவளிடம் சொன்ன வார்த்தைகள் அவை. இத்தனை வருஷமாகத் தலையாட்டிக்கொண்டு கேட்டவள், அன்றுதான் அதை இன்னொருவருக்குச் சொன்னாள்.

“அக்கா, இது டவர். இதுல ஆணி இல்ல, போல்ட்டு.”

“அப்ப போல்ட்டும் கூடாது.”

“கம்பிய வெட்டாம டவர் நிக்காதுக்கா.”

“நிக்காதுல்ல? அப்ப அதோ, எதிர் வூட்ல நிக்க வையி. அங்க கம்பியே இல்ல, தளம் மொழுக்குனு கீது.”

எல்லோரும் எதிரே பார்த்தோம். அண்ணாச்சி கடை வாசலில் நின்று, தராசில் எதையோ நிறுத்துக்கொண்டிருந்தார். தட்டில் ஒன்றும் இல்லை.

டவர்க்காரர் காகிதங்களை எடுத்து அடுக்கினார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “அண்ணே, இவ்வளவு நாள் உங்கள சாதாரணமா நினைச்சிட்டேன். கடைசியில ஆளையே செட் பண்ணி இறக்கிட்டீங்க. ஆபீஸ்ல இதுக்கு மேல ஏத்த மாட்டாங்க.” அதுவரைக்கும் நடந்தது பேரம் இல்லை என்று அவருக்கு யார் சொல்வது? ஸ்வீட் பாக்ஸை மறக்காமல் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார்.

அக்கா மேலே போய்ச் சிமெண்ட் கரைத்து, சிவப்பு வட்டங்களின் மேல் திரும்பத் திரும்பப் பூசினாள். வட்டம் மறைந்தது. பிறகு கீழே வந்தவள், அண்ணாச்சி கடைக்கே போய் ஒரு பூட்டு வாங்கிவந்தாள். மாடிப்படிக் கதவை இழுத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு என் முகம் பொறுக்கவில்லை போல.

“உன்ன நம்பலன்னு இல்லடா. இன்னிக்கி பேசிட்ட. நாளைக்கி வேற டவர்க்காரன் வருவான், அன்னிக்கி நீ பேசாத நிப்ப. அவன் ஏறிப் பூடுவான்.”

 அவள் சொன்னது உண்மை.

எதிர் வீட்டில் டவர் எழுந்தது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, அண்ணாச்சி தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். அந்தச் சந்தோஷம் சில வாரம்தான். கரண்ட் போகும்போதெல்லாம் மாடியில் டீசல் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. அப்போதெல்லாம் கரண்ட் போவதும் அதிகம். வீடே அதிர்கிறது, அரிசி மூட்டையெல்லாம் புகை வாசனை என்று அண்ணாச்சி என்னிடம் வந்து நின்றார்.

“நெசமாச் சொல்லும் ஓய். இது இப்படி இருக்கும்னு தெரிஞ்சுதான என் தலையில தள்ளி விட்டீரு?”

நான் பேசாமல் சிரித்துவைத்தேன். அதையும் அவர் ஆமாம் என்றுதான் எடுத்துக்கொண்டார்.

என் மனைவி அந்தத் தொகையைப் பற்றி எப்போதாவது பேசுவாள். ஜெனரேட்டர் ஓடும்போது பேசமாட்டாள், நின்ற பிறகு பேசுவாள். அவளுக்கு அதைவிடப் பெரிய கஷ்டம் அந்தப் பூட்டு. கோதுமை காயவைக்க மாடி இல்லை. மில்லுக்கு முன்னால் ரோட்டோரத்தில் படுதா விரித்துக் காயப்போட்டாள். கம்பெனிகளுக்குப் போகிற லாரிகள் வாரிப் போட்ட புழுதியெல்லாம் அதில் விழுந்தது. புடைத்துப் புடைத்து அவளுக்குத் தோள் வலி வந்தது. பூட்டை உடைத்துவிடலாம் என்று அவளும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வாலாஜாபாத்துக்குச் சொல்லியனுப்பிச் சாவி கேட்கலாம் என்றால் கூச்சம். கேட்டால், எதற்குக் கேட்கிறான் என்று அக்கா யோசிப்பாள் என்ற பயம்.

ஆடி வந்தது. கிருத்திகையன்று அக்கா நெற்றி நிறைய விபூதியோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். ரோட்டோரம் படுதாவைப் பார்த்து நின்றுவிட்டாள். குனிந்து ஒரு கைப்பிடி கோதுமையை அள்ளினாள். விரலில் மண் ஒட்டியது.

“இன்னாடா இது, மண்ணுல காயப்போட்டுகினு? மாடிக்கி இன்னா ஆச்சி?”

“சாவி உங்கிட்டதானக்கா கீது.”

அக்கா முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே இல்லை. பையில் துழாவி, சுருக்குப் பைக்குள்ளிருந்து எடுத்தாள்.

“இத்தினி நாளும் இப்பிடியேவா?”

“ம்.”

“பூட்ட ஒடைக்கக்கூட இல்ல?”

நான் தலையை ஆட்டினேன். அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். நான் பேசாமல் நிற்பது இந்தத் தடவை அவளுக்கு எதுவாகத் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. மில்லுக்குள் வந்து, சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் பட்டை மாட்டுகிற ஆணியில் சாவியைத் தொங்கவிட்டாள்.

“கம்பி மேல துணி காயப்போடக் கூடாது. சொல்லிட்டேன்” என்றாள் என் மனைவியிடம்.

“போட மாட்டேன் அண்ணி.”

மூன்று பேரும் மேலே போனோம். அக்கா பால் கரைத்துப் பூச ஆரம்பித்தாள். எதிர் மாடி டவரை அண்ணாந்து பார்த்து, “அதுக்கு யாரு பூசறாங்க?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். மூட்டையை நான் தூக்கிவர, என் மனைவி கோதுமையைத் தளத்தில் கொட்டிப் பரப்பினாள். ஒவ்வொரு பில்லர் பக்கமும் வந்தபோது கையை நிறுத்தி, கொஞ்சம் இடம் விட்டுத் தள்ளிப் பரப்பினாள். அந்த இடத்தில் சுவர் இருப்பது போல.